பக்கத்தது எதிர்

ராஜமுருகன் பையிலிருந்து முதலில் எடுத்தது ஒரு சீரியல் செட். சிவப்பும் பச்சையுமாக இருபதடி நீளத்துக்குப் பல்புகள், அவற்றை ஓடவிடும் ஒரு தகரப் பெட்டி. அதை மேஜைமேல் வைத்தவர், எதிரே துணிவிரிப்பில் கிடந்த புதுக் கிடாரைப் பார்க்கக்கூட இல்லை.

"பிளக் பாயின்ட் எங்க தம்பி?"

"ஆம்ப்புக்கு இந்தா இருக்குண்ணே. பல்புக்கு வேற தரவா?" என்றான் கோகுல்.

"வேற எதுக்கு? ஒரே பாயின்ட்டுல ரெண்டையும் மாட்டு. மேடையில எங்களுக்குத் தனித்தனியாவா தர்றாங்க? எங்க குழுவுல எட்டுப் பேரு. இவன் ஒன்பதாவது ஆளு. இவன் வாய மூடுனாத்தான் உன் கிடாரத் தொடுவேன்."

ராஜமுருகனுக்குப் பழனி அடிவாரத்தில் விபூதியும் பூஜைச் சாமானும் விற்கும் கடை. அங்கேயே ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடங்களாகக் கிடார் வாசிக்கிறார். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று திருவிழா மேடைகள்தான் அதிகம். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடும். தலைக்கு மேல் விளக்குகள் ஓடும். அவருடைய பழைய கிடாரில் இருந்தவை ஒற்றைக் காயில் பிக்கப்புகள். பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சின்னக் காந்தப் பெட்டி; காந்தத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்தான் காயில். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது. எது கம்பி, எது ஜெனரேட்டர் என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. இரண்டையும் ஒரே மரியாதையோடு அனுப்பிவைக்கும். பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கருக்குள் ஒரு வண்டு உறுமிக்கொண்டிருக்கும். போன வருடம் பாடகி மைக்கிலேயே, "கிடார் அண்ணனுக்கு இன்னும் பாட்டு முடியல போல" என்றாள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் அவரைக் கொடைக்கானல் மலையில் கோகுலின் பட்டறை இருக்கும் வில்பட்டிவரைக்கும் பஸ் ஏற்றியது.

அவர் கேட்டது மூன்று ஹம்பக்கர் வைத்த கிடார். ஹம்பக்கர் என்பது இரட்டைக் காயில் பிக்கப். ஒன்றையொட்டி ஒன்றாக இரண்டு காயில்கள், எதிரெதிர்த் திசையில்; அவற்றின் காந்தங்களும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டுக்குள்ளும் நுழைந்து, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து பலமாக வெளியே வரும். ஒரு கிடாருக்கு இப்படி இரண்டு போதும் என்று கோகுல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். நடுவில் ஒன்று வைத்தால் மீட்டும் விரலுக்கு இடிக்கும் என்றான். ராஜமுருகன் கேட்கவில்லை. கழுத்துப் பக்கம் இருப்பது புல்லாங்குழல் மாதிரி மெத்தென்று பேச வேண்டும். கடைசியில் இருப்பது தனி வாசிப்புக்கு. நடுவில் இருப்பதும் கடைசியும் சேர்ந்தால், பம்பையும் தவிலும் கூட அடிக்கும்போது அமுங்கிப்போகாத கனம் வேண்டும். மூன்று சோலி, மூன்று பிக்கப். அவர் கணக்கு அவ்வளவுதான்.

பட்டறை என்பது கோகுல் குடும்பத்தின் பழைய பூண்டுக் கொட்டகை. மேல் பரணில் இப்போதும் பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்குகின்றன. கீழே வார்னிஷ் வாடையும் பூண்டு வாடையும் கலந்து கிடக்கும். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தின் தச்சுக்கூடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவன் கோகுல். அங்கே உடைந்து வந்த கிடார்களை ஒட்டி ஒட்டித்தான் கிடாரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கற்றுக்கொண்டான். இதுவரை பதினான்கு கிடார்கள் செய்திருக்கிறான். மரவேலை அவனுடையது. பிக்கப்புகளை வெளியில் வாங்குவான்.

இந்தப் பதினைந்தாவதில்தான் முதல்முறையாக வாங்காமல், நதியா கட்டிய பிக்கப்புகளை வைத்திருந்தான்.

நதியா பழனிக்குப் பக்கத்து ஆயக்குடிக்காரி. கொய்யாத் தோப்புகளின் பம்புசெட் மோட்டார்கள் கருகி வரிசையில் காத்துக் கிடக்கும் அண்ணன் கடையில், பத்து வருடம் காயில் கட்டியவள். நான்கு வருடத்துக்கு முன் வில்பட்டிச் செல்வமுருகனுக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறினாள். அவன் காட்டுக்குத் தண்ணீர் ஓடையிலிருந்து தானே இறங்கி வந்தது. மோட்டார் இல்லாத ஊரில் மோட்டார் கட்டுகிறவளுக்கு என்ன சோலி? கேரட் கழுவினாள், பூண்டு ஆய்ந்தாள். ஒருநாள் கோகுல் தையல் மெஷின் மோட்டாரில் தானே செய்த சுற்றும் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, இரண்டாயிரம் சுற்று தாண்டுவதற்குள் ஒவ்வொரு தடவையும் அறுந்தது. "கம்பியக் கட்டையில இறுக்காதீங்கண்ணே, விரல்ல தளர விட்டுப் புடிங்க" என்று சொல்லி உட்கார்ந்தவள், அன்றைக்கே ஐயாயிரம் சுற்றை அறாமல் முடித்தாள்.

கோகுல் அவளிடம் சொல்லியிருந்தான்: இந்த மூன்றும் தேறினால் இனி வாங்குவதில்லை, எல்லாமே நீதான், பிக்கப்பில் உன் பேரையும் போடுகிறேன். தேறாவிட்டால் அவளுக்கு இன்னொரு வழி காத்திருந்தது. கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவில் ஆள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று சனிக்கிழமை.

அதனால்தான் நதியா கதவோரம் நின்றாள். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ராஜமுருகன் கிடாரை மாட்டிக்கொண்டார். சந்தனவேம்புக் கட்டை, புயலில் விழுந்த மரத்தின் அடித்துண்டை வாங்கி மூன்று வருடம் பரணில் காயவைத்துச் செய்தது. முகத்தில் மட்டும் பதினொரு நாள் மெருகேற்றியிருந்தான் கோகுல். சீரியல் செட்டு இடமிருந்து வலம் ஓடத் தொடங்கியது. ராஜமுருகன் சுவிட்சை மேலே தள்ளிக் கழுத்துப் பிக்கப்பில் வைத்து, ஆம்ப்பின் சத்தத்தை முழுதாகத் திருகினார். கம்பியைத் தொடவில்லை.

ஒன்றும் கேட்கவில்லை.

குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். "ஆம்ப்பு ஆன்லதான இருக்கு?"

"வாசிச்சுப் பாருங்கண்ணே."

ஒரு கம்பியை மீட்டினார். பரணிலிருந்து பூண்டுத்தோல் உதிர்ந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, தலைமேல் விழுந்த தோலைத் தட்டிவிட்டுச் சிரித்தார். "முருகா. வாய மூடிட்டான் தம்பி, ஒன்பதாவது ஆளு வாய மூடிட்டான்."

அடுத்து சுவிட்சைக் கீழே தள்ளிக் கடைசிப் பிக்கப். கூர்மையாக, திடமாக வந்தது. ஒரு காவடிப் பாட்டின் முதல் அடியை வாசித்தார். நதியா முந்தானையிலிருந்து கையை எடுத்தாள்.

பிறகு சுவிட்ச் நடுவுக்கு வந்தது. நடுப் பிக்கப்பும் கடைசிப் பிக்கப்பும் சேர்ந்து பேச வேண்டிய இடம். நடுப் பிக்கப்பின் ஒலி இந்த ஓர் இடத்தில்தான் வெளியே வரும்.

அதே அடியை வாசித்தார். வந்தது வேறு ஏதோ. மூக்கால் பாடுவது போல, மெலிந்து, சற்றே கரகரப்பாக. ராஜமுருகன் புருவத்தைத் தூக்கினார். இன்னொரு தடவை வாசித்தார். கம்பியை இழுத்துக் கமகம் கொடுத்தார்.

"அடி ஆத்தி. நாயனம்ல வருது!"

 கோகுலுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பிக்கப்புகள் ஒன்றுக்கொன்று எதிராக இணைந்திருந்தால்தான் இந்தச் சத்தம் வரும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கனமான ஒலியெல்லாம் நடுவில் காணாமல் போய், மிச்சம் மட்டும் மூக்கால் வரும். நடுப் பிக்கப்பின் இரண்டு முனைகள் மாறியிருந்தன. அவன் நதியாவைப் பார்த்தான். பிறகு ராஜமுருகனைப் பார்த்தான்.

"அது... உங்களுக்குன்னு ஸ்பெஷலா வச்சதுண்ணே."

"அப்படியா! சொல்லவே இல்லையே!"

"வாசிச்சுப் பாத்து நீங்களே சொல்லட்டும்னுதான்."

நதியாவுக்கு அப்படியொன்றை வைத்த ஞாபகம் இல்லை. கோகுல் அவளைப் பார்த்த பார்வையையும் அவள் கவனித்திருந்தாள். கருகிய மோட்டாரைக் கட்டித் தந்த பிறகு, பூட்டி ஓடவிடும்போது அது தப்பாகச் சுற்றினால் அண்ணன் முகம் அப்படித்தான் ஆகும். எதிரே தோப்புக்காரர் நிற்பதால் ஒன்றும் சொல்ல மாட்டார். அவள் பேசாமல் இருந்தால் போதும். கிடார் மலையிறங்கிவிடும். திங்கட்கிழமை ஹோட்டலுக்கு மாட்டேன் என்று சொல்லிவிடலாம். ராஜமுருகன் ஏற்கெனவே உறையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றாள். "எட்டுப் பேரும் சேந்து வாசிக்கிறப்ப எப்படி அடிப்பீங்களோ, அப்படி ஒருக்கா அடிங்க."

"அதுவும் இதுலதாம்மா."

"ஆமா, அதே எடத்துலதான். அடிங்க."

அவர் ஆறு கம்பிகளையும் சேர்த்து, காவடிக்காரன் அடி வைக்கும் தாளத்தில் ஓங்கி அடித்தார். மெல்லிய கம்பிகள் கிணுகிணுத்தன. பருத்த கம்பிகள் கண்ணுக்குத் தெரிய ஆடின, சத்தம் வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். நின்றார்.

"கம்பி ஆடுது, சத்தத்தக் காணோமே. இத வச்சுத் தவிலுக்கு முன்னாடி நின்னா, கிடார் வாசிக்கிறேனா, ஈ ஓட்டுறேனான்னு கேப்பாங்க." திரும்பினார். "என்ன தம்பி ஸ்பெஷலு இது?"

கோகுலுக்கு முகம் சிவந்தது. "நடுவுலத எப்படிக் கட்டுன நதியா?"

"நீங்க எழுதுனபடிதான்."

"நான் என்ன எழுதுனேன்? தலை சுவிட்சுக்கு, வால் எர்த்துக்குன்னு எழுதுனேன்."

சுற்றத் தொடங்கும் முனை தலை, முடிக்கும் முனை வால். ஆயக்குடிக் கடையின் பேச்சு அது. நதியாவிடமிருந்து கோகுலுக்கும் தொற்றியிருந்தது. தலைக்கு அடையாளமாகச் சின்னச் சிவப்புக் குழாய் மாட்டித் தருவாள். சிவப்பைச் சுவிட்சில் ஈயம் வைத்துப் பற்றவைப்பது கோகுலின் வேலை.

"அது மூணாவது வரி. ரெண்டாவது வரியப் படிங்க." தன் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினாள். கோகுலின் கையெழுத்து. காயிலுக்கு ஐயாயிரம் சுற்று. அடுத்த வரி: பக்கத்தது எதிர்த்திசை.

"ஒரு பிக்கப்புக்குள்ள இருக்குற ரெண்டு காயிலச் சொன்னேன் நதியா!"

"அத மூணுலயும் பண்ணியிருக்கேன். அதான் உறுமல் இல்லாமக் கெடக்கு. ஆனா மூணு பிக்கப்பும் பக்கத்துப் பக்கத்துலதான இருக்கு? மோட்டார்ல பக்கத்துக் காந்தப் போலு எதிரா இல்லேன்னா சுத்தாதுண்ணே. நின்ன எடத்துல உறுமும், புகையும், கருகிரும். எங்க கடையில மொத நா வந்தவனுக்கே அதத்தான் சொல்லுவாக. நீங்களும் அதையே எழுதியிருந்தீங்க. சரி, இங்கயும் அதே சட்டந்தான்னு நெனச்சு, நடுவுலதுக்கு மட்டும் வால்ல செவப்ப மாட்டினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"சந்தேகம் இருந்தாத்தான கேப்பாங்க?"

கோகுல் தாளை வாங்கி இன்னொரு தடவை படித்தான். எதற்குப் பக்கத்தில் எது என்று அந்த வரியில் இல்லை. பத்து வருடம் மோட்டார் கட்டிய ஒருத்தி அதைப் படித்தால் வேறெப்படிப் படிப்பாள் என்று அவனுக்கும் தோன்றவில்லை. தாளை மேஜைமேல் வைத்து, அதன் மேல் திருப்புளியைப் பாரமாக வைத்தான்.

"அஞ்சு நிமிசம் பொறுங்கண்ணே. ரெண்டு வயர மாத்தி வச்சா சரியாப் போயிரும்."

"சரியாப் போனா அந்த நாயனம்?"

"அது போயிரும்."

ராஜமுருகன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "காட்டாம இருந்திருக்கலாம் நீ. நல்லாருக்குற பிள்ளையக் காட்டிட்டு, இது எங்க வீட்டுப் பிள்ள இல்லைங்கிற."

"ரெண்டும் வேணும்னா ரெண்டையும் வைக்கலாம்ணே" என்றாள் நதியா. "மோட்டார முன்னயும் பின்னயும் ஓட விடுறதில்லையா? ஒரு மாத்துச் சுவிட்ச வச்சு முனைய மாத்தி மாத்திக் குடுக்குறதுதான. அதே மாதிரி நடுவுலதுக்கு ஒன்னு."

"அதுக்கு ரெண்டு முனையும் தனித்தனியா வெளிய வரணும்" என்றான் கோகுல். "கடையில வாங்குற மாதிரி வால உள்ளயே மூடியோட சேத்துப் பத்தவச்சிருந்தா..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"நான் எதுக்கு உள்ள பத்தவைக்கிறேன்? நாளைக்குக் கருகுனா எப்படிப் பிரிக்கிறது? ரெண்டும் வெளியதான் இருக்கு."

"இருக்கு. ஆனா ஆறு முனைச் சுவிட்சு வேணுமே. அது கொடைக்கானல்ல கெடைக்காது. மதுரையிலேர்ந்துதான் வரணும்."

நாளை மறுநாள் மேடை. நாலு மணி பஸ்ஸை விட்டால் ராஜமுருகன் ராத்திரிதான் பழனி போய்ச் சேர்வார்.  சீரியல் செட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, இடமிருந்து வலம். நதியா அதையே பார்த்தாள். பிறகு தகரப் பெட்டிக்கு அருகே போய், அதன் பக்கவாட்டில் இருந்த சின்னச் சுவிட்சைத் தட்டினாள். விளக்குகள் வலமிருந்து இடம் ஓடின.

"பிளக்கப் புடுங்குங்கண்ணே" என்று கோகுலிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருப்பினாள். நான்கு திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்து எண்ணினாள். "ஆறு முனை."

ராஜமுருகன் எழுந்து வந்து பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏ தாயீ, இது எம் பெட்டி இல்ல! லைட்டுக்காரன் செந்தில்வேலுது. ஒரு நாளைக்கின்னு வாங்கிட்டு வந்தேன். கேட்டா என்ன சொல்ல?"

"வெளக்கு ஓடத்தான செய்யும்ணே. ஒரே பக்கமா ஓடும்."

"ஒரே பக்கமாவா..."

"மலையச் சுத்துறவங்களும் ஒரே பக்கமாத்தான சுத்துறாங்க?"

 அவர் பெட்டியை விட்டார். "வெரசாப் பண்ணு. செந்தில்வேலு எம் மேல ஏறுனா வில்பட்டிக்கு வழி சொல்லி அனுப்பிருவேன்."

சுவிட்ச் கிடைத்துவிட்டது. அதை வைக்க இடம்தான் இல்லை. கிடாரின் முகத்தில் ஒரு துளை போட வேண்டும். இது கோகுலுக்கு முதலிலேயே தெரியும். சுவிட்ச் கிடைக்காது என்ற நிம்மதியில் அதைச் சொல்லாமல் இருந்தான். மெருகின்மேல் துளையிட்டால் ஓரம் சிம்பாகப் பெயரும். அப்படிப் பெயர்ந்தால் முழு முகத்தையும் சுரண்டி மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். விரலால் முகத்தைத் தடவி ஓர் இடத்தில் நிறுத்தினான், நகர்த்தினான், மறுபடி பழைய இடத்துக்கே வந்தான்.

"அடியில, பின்பக்கமா வைக்க முடியாதா?" என்று கேட்டார் ராஜமுருகன். அவருக்கே மனசு வரவில்லை.

"பாட்டுக்கு நடுவுல கிடாரத் திருப்பித் திருப்பியாப் பாப்பீங்க?" என்றான் கோகுல். காகித நாடாவை ஒட்டி, அதன்மேல் பென்சிலால் புள்ளி வைத்தான். "நதியா, புடிச்சுக்க. ஆடக் கூடாது."

அவள் கிடாரை மேஜையோடு அழுத்திப் பிடித்தாள். துளை விழுந்தது. நாடாவை உரித்தபோது ஒரு பக்கம் கடுகளவு மெருகு பெயர்ந்து வந்தது. கோகுல் அதை நகத்தால் தடவிப் பார்த்தான். சுவிட்சின் வளையம் அதை மறைத்துவிடும். ஆனாலும் அவனுக்கு அது அங்கே இருக்கும்.

ஆறு முனைகளையும் நதியாதான் பற்றவைத்தாள். நடுவில் உள்ள இரண்டு முனைகளில் நடுப் பிக்கப்பின் வயர்கள். ஓரத்து நான்கில் குறுக்கும் நெடுக்குமாக இணைப்பு. ஆயக்குடியில் எத்தனையோ மோட்டார்களுக்குப் போட்டது. இங்கே கம்பி மெலிசு, அவ்வளவுதான் வித்தியாசம். மூச்சை விடாமல் வேலை செய்தாள். அதற்குள் கோகுல் தகரப் பெட்டிக்குள் விளக்குகள் ஒரு பக்கமாகவே ஓடும்படி வயர்களை முடிந்து மூடி, மறுபடி பிளக்கில் மாட்டினான்.

மூன்றரை மணிக்கு ராஜமுருகன் மறுபடி கிடாரை மாட்டினார். சுவிட்ச் இந்தப் பக்கம். ஆறு கம்பிகளையும் அடித்தார். பருத்த கம்பிகளின் கனம் இறங்கி வந்து மேஜையில் கிடந்த திருகுகளை நடுங்க வைத்தது. சுவிட்ச் அந்தப் பக்கம். மூக்கால் பாடும் அந்த ஒல்லிக் குரல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கையை எடுத்துவிட்டுக் காது கொடுத்தார். ஓடும் விளக்குகளின் வெளிச்சம் அவர் சட்டையில் ஓடியது. ஸ்பீக்கர் பேசவே இல்லை.

"எந்தப் பக்கம் எதுன்னு எழுதிக் குடுத்துரு தாயீ. மேடையில குழம்பிப் போவேன்."

நதியா ஊசியால் சுவிட்ச் வளையத்தின் ஒரு பக்கம் 'நேர்' என்றும் மறுபக்கம் 'எதிர்' என்றும் கீறினாள்.

கிடாரை உறையில் போட்டு வாசல்வரை வந்த ராஜமுருகனிடம், "அண்ணே, ஸ்பெஷலா வச்சோம்னு சொன்னேன்ல. அது பொய்" என்றான் கோகுல்.

"தெரியும். முப்பது வருசமாக் கடையில உக்காந்திருக்கேன் தம்பி. ஏவாரி முழிச்சா எனக்குத் தெரியாதா?" சீரியல் செட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அதுக்கப்புறம்தான் தங்கச்சி உள்ளதச் சொல்றதக் கேட்டேன்."

மூடுபனி மேலேறி வந்து கொட்டகையின் வாசலில் நின்றிருந்தது. அவர் அதற்குள் இறங்கிப் போனார்.

கோகுல் உள்ளே வந்து திருப்புளியை எடுத்துவிட்டுக் காலண்டர் தாளைத் திருப்பினான். பின்பக்கம் எழுதத் தொடங்கினான். ஒரு பிக்கப்புக்குள் இருக்கும் இரண்டு காயில்கள் எதிர்த்திசை. மூன்று பிக்கப்புகளும் ஒரே திசை. எழுதி அவளிடம் தள்ளினான். நதியா படித்துவிட்டு, பென்சிலை வாங்கி மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தாள்: இரண்டு முனையும் வெளியே.

"திங்கக்கெழம ஹோட்டலுக்கு என்ன சொல்லப் போற?"

"நீங்கதான் சொல்லணும். தேறுனாத்தான்னு சொல்லியிருந்தீங்க."

"மூணுல ஒன்னு தப்பு." தாளின் முன்பக்கத்தை விரலால் தட்டினான். "தாளும் தப்பு."

 கோகுல் பரணுக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை இறக்கினான். இன்னும் கம்பி சுற்றாத காயில் கட்டைகள், அடுத்த கிடாருக்கு. அதை அவள் முன்னால் வைத்து, ஊசியை எடுத்தான்.

"பேர எங்க போடட்டும்? மேல, மூடி மேலயா?"

நதியா ஒரு கட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "அடியில போடுங்கண்ணே. தெறந்து பாக்குறவனுக்குத் தெரிஞ்சாப் போதும்."